பல்பு வருவதற்கு முன்பே ஸ்டூடியோ லைட்டிங்: யார் இந்த நதார்?

இருட்டில் செல்போன் ஃபிளாஷ் போட்டு எடுத்த முகத்தைப் பார்த்திருப்பீர்கள். நெற்றி எண்ணெய் வழிவதுபோல் மின்னும், மூக்கு தட்டையாகிவிடும், பின்னால் சுவரில் கருப்பாக ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். அதே ஆளைப் பக்கத்துத் தெரு ஸ்டூடியோவில் உட்காரவைத்து, இரண்டு வெள்ளைக் குடைகளுக்கு நடுவே எடுத்தால் மனிதர் மாதிரித் தெரிவார். வெளிச்சத்தை நேராக அடிக்காதே, எதிலாவது பட்டு வரவிடு என்பதுதான் அந்தக் குடைகளின் வேலை.

இந்தப் பாடத்தைச் சொந்தச் செலவில் கற்றுக்கொண்ட முதல் சிலரில் ஒருவர் பாரிஸ்காரர் நதார். அது 1850-களின் கடைசி. எடிசனின் பல்பு வர இன்னும் இருபது வருடம் இருந்தது. சுவரில் ஸ்விட்ச் கிடையாது, கரன்ட் கம்பெனியும் கிடையாது. அப்படியிருக்க, மின்சார வெளிச்சத்தில் மனித முகத்தைப் படம் எடுக்கப் போகிறேன் என்று மாடியில் ஆசிட் ஜாடிகளை அடுக்கினார்.

பெயரே ஒரு விளையாட்டு

உண்மைப் பெயர் காஸ்பார் பெலிக்ஸ் டூர்னஷோன். 1820 ஏப்ரல் 5-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா விக்டர் புத்தகப் பதிப்பாளர். தொழில் நொடித்துப்போய் 1837-ல் அவர் இறந்தபோது பெலிக்ஸுக்கு வயது 17. அம்மாவையும் தம்பி அத்ரியனையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. லியோன் நகரில் கொஞ்ச நாள் மருத்துவம் படித்தார், பணமில்லாமல் விட்டார். பிறகு சின்னச் சின்னப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தார்.

நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்து 'க' பாஷை பேசுவார்கள் இல்லையா, அந்தக் கால பாரிஸ் இளைஞர்களுக்கும் அப்படி ஒரு பைத்தியம் இருந்தது. சொல்லின் கடைசியில் 'தார்' சேர்ப்பார்கள். டூர்னஷோன் டூர்னதார் ஆகி, முன்பாதி உதிர்ந்து நதார் ஆனது. இந்தக் கிண்டல் பெயருக்காகப் பின்னாளில் அண்ணனும் தம்பியும் கோர்ட் படி ஏறப் போகிறார்கள். அது இருக்கட்டும்.

எழுத்தைவிடக் கேலிச்சித்திரம் அவருக்கு நன்றாக வந்தது. நடுவில் 1848-ல் போலந்தின் விடுதலைக்குப் போராடக் கிளம்பிய படையில் சேர்ந்து, வழியிலேயே பிடிபட்டுத் திரும்பினார். கடனுக்காகச் சிறைக்கும் போய்வந்தார். 1854-ல் பிரான்ஸின் எழுத்தாளர்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை ஒரே தாளில், நீண்ட ஊர்வலமாக வரைந்து வெளியிட்டார். அதற்குப் 'பாந்தியோன் நதார்' என்று பெயர். பெயர் கிடைத்தது, பணம் வரவில்லை.

ஆனால் அந்த வேலை அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. கேலிச்சித்திரம் வரைபவர் ஒரு முகத்தைப் பார்த்ததும், இவருடைய ஆளுமை எங்கே இருக்கிறது, புருவத்திலா, கீழுதட்டிலா, தோள் சாய்வதிலா என்று தேடுவார். போட்டோ எடுக்க வந்தபோதும் நதார் அதையே தேடினார்.

தம்பியுடன் வழக்கு

தம்பி அத்ரியனுக்கு ஓவியத்தில் ஆசை, வருமானம் இல்லை. பிழைக்க ஒரு வழியாகட்டும் என்று அண்ணன்தான் அவரை போட்டோகிராபி பக்கம் தள்ளினார். அக்காலத்தின் பெரிய நிபுணர் குஸ்தாவ் லெ கிரேயிடம் அனுப்பிக் கற்கவைத்து, 1854-ல் ஸ்டூடியோ வைக்கவும் உதவினார். கடை தள்ளாடியது. பெலிக்ஸ் தானே உள்ளே இறங்கி, பணமும் நேரமும் போட்டார். வியாபாரம் சூடுபிடித்ததும் தம்பி அண்ணனை வெளியே போகச் சொன்னார். ஆனால் பெயரை மட்டும் விடவில்லை. 'இளைய நதார்' என்று கையெழுத்துப் போட்டுப் படங்களை விற்றார்.

1856-ல் பெலிக்ஸ் வழக்குத் தொடுத்தார். மேல்முறையீட்டில் 1857 டிசம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமானது. இனி நதார் என்றால் ஒருவர்தான்.

சகோதரச் சண்டை என்று கடந்துபோகலாம். ஆனால் கோர்ட்டில் அவர் வைத்த வாதம், இன்று கேமரா வாங்கும் ஒவ்வொருவரும் கேட்கவேண்டியது. போட்டோகிராபியின் கொள்கையை ஒரு மணி நேரத்தில் புரியவைத்துவிடலாம், செய்முறையை ஒரு நாளில் பழக்கிவிடலாம் என்றார். கற்றுத்தர முடியாதவை இரண்டு. ஒன்று, வெளிச்சத்தை உணர்வது: ஒரே முகத்தில் வெளிச்சம் இப்படி விழுந்தால் என்ன, அப்படி விழுந்தால் என்ன என்று தெரிந்திருப்பது. இன்னொன்று, எதிரில் இருப்பவரை மனிதராகப் புரிந்துகொள்வது. ஒரு பிராண்ட் வழக்கில், லைட்டிங் என்பது படைப்பாளியின் கையெழுத்து என்று வாதாடியிருக்கிறார் மனிதர்.

ஒரு ஜன்னல் போதும்

சரி, அவர் வெளிச்சம் எப்படித்தான் இருந்தது?

அதற்கு, மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டும். அன்றைய பாரிஸில் ஹிட் அடித்தவர் திஸ்தேரி. ஒரே கண்ணாடித் தகட்டில் பல சின்னப் படங்கள் எடுத்து, விசிட்டிங் கார்டு சைஸில் ஒட்டித் தரும் முறைக்கு 1854-ல் காப்புரிமை வாங்கியவர். மலிவு என்பதால் ஊரே வரிசையில் நின்றது. முழு உருவம், பின்னால் வரைந்த திரைச்சீலை, போலித் தூண், பூச்சட்டி. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும். எல்லாம் தெளிவாகத் தெரியும், முகத்தைத் தவிர. முகம் அந்தச் சைஸில் ஒரு பட்டாணிதான்.

நதார் தன் முதல் ஸ்டூடியோவில் இதற்கு நேர்மாறாகச் செய்தார். பெரிய தகடு, முழங்காலுக்கு மேலேயோ மார்பளவோ உருவம், பின்னால் ஒன்றுமில்லாத ஒரு திரை. ஆடை கருப்பாக இருந்தால் அவருக்குச் சந்தோஷம், ஏனென்றால் கருப்புக்குள் கருப்பு கரைந்துவிடும், முகமும் கையும் மட்டும் நிற்கும். வெளிச்சம் பெரும்பாலும் ஒரு பக்கம், மேலிருந்து சாய்வாக. ஒரு கன்னம் வெளிச்சத்தில், மறு கன்னம் மெல்ல இருளில்.

இதற்கு மின்சாரம் தேவையில்லை. அன்றைய ஸ்டூடியோக்கள் மேல்மாடியில் கண்ணாடிக் கூரையோடு இருந்தது சூரிய வெளிச்சத்துக்காகத்தான். முடிந்தால் கண்ணாடியை வடக்கு பார்த்து வைப்பார்கள். ஐரோப்பாவில் வடக்கிலிருந்து நேரடி வெயில் வராது, வானத்தின் வெளிச்சம் மட்டும் வரும், அது மெத்தென்று இருக்கும். கண்ணாடிக்குக் கீழே திரைகளை இழுத்தும் விலக்கியும் எங்கிருந்து எவ்வளவு வரவேண்டும் என்று முடிவு செய்வார்கள். இன்று நீங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எடுக்கும் செல்ஃபி ஏன் நன்றாக வருகிறது என்பதற்கும் இதுதான் காரணம். வெளிச்சம் வரும் பரப்பு முகத்தைவிடப் பெரிதாக இருந்தால், நிழலின் ஓரம் கத்தியாக வெட்டாது, கரையும்.

1864 வாக்கில் எடுத்த சாரா பெர்னாரின் படங்களைத் தேடிப் பாருங்கள். பின்னாளில் உலகமே கொண்டாடிய நடிகை, அன்று இருபது வயதை ஒட்டிய பெண். தோளைச் சுற்றி ஒரு பெரிய துணி, சாய்ந்துகொள்ள ஒரு தூண், அவ்வளவுதான் செட். அரண்மனை மாதிரி ஜோடித்த திஸ்தேரி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தால், எது நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

வந்தவர்களில் பலர் அவருடைய நண்பர்கள். கவிஞர் போத்லேர், ஓவியர் தெலக்ருவா, நாவலாசிரியர்கள் துய்மா, ஜார்ஜ் சாண்ட் என்று பட்டியல் நீளும். போத்லேருக்கு போட்டோகிராபி மீது மரியாதையே இல்லை, அதைத் திட்டி எழுதியவர். ஆனாலும் நதார் கேமரா முன்னால் பலமுறை உட்கார்ந்தார். ஒரு தகட்டுக்குப் பல விநாடிகள் அசையாமல் இருக்கவேண்டிய காலம் அது. அரட்டையடித்து, சிரிக்கவைத்து, மனிதர் தன்னை மறந்த நேரம் பார்த்து மூடியைக் கழற்றுவது நதாரின் பாணி. அந்த நட்பும் வெளிச்சத்தின் ஒரு பகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆசிட் ஜாடி, கரித்துண்டு, கரன்ட்

சூரியனை நம்பித் தொழில் செய்வதில் ஒரு தொல்லை உண்டு. பாரிஸின் குளிர்காலத்தில் சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் கடையை மூடவேண்டியதுதான். தெருவிலும் வீட்டிலும் காஸ் விளக்கு இருந்ததே, அதைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். முடியாது. அன்றைய ஈரக் கொலோடியன் தகடு நீல நிறத்தையும் அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவையும்தான் நன்றாகப் பார்க்கும். மஞ்சள், சிவப்பு அதற்கு ஏறக்குறைய இருட்டு. காஸ் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் நம் கண்ணுக்குப் பிரகாசம், தகட்டுக்குத் தூக்கம்.

நீலம் அதிகமுள்ள ஒரு செயற்கை வெளிச்சம் அப்போது இருந்தது: ஆர்க் விளக்கு. இரண்டு கரித்துண்டுகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தி, பலமான மின்சாரம் பாய்ச்சினால், இடைவெளியில் வெள்ளை வெளேரென்று ஒரு பொறி நிலைத்து எரியும். நம் ஊர் வெல்டிங் பட்டறையில் பார்க்கும் அதே குடும்பம்.

மின்சாரத்துக்கு எங்கே போவது? புன்சன் பேட்டரி. துத்தநாகம், கரி, கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம். ஐம்பது ஜாடிகளை வரிசையாக இணைத்தார். எரிச்சலூட்டும் புகை வரும், மூச்சு முட்டும், கொஞ்ச நேரத்தில் வலு குறையும். மாலை வேளைகளில் மாடியில் இந்த விசித்திர வெளிச்சம் எரிவதைப் பார்த்துத் தெருவில் கூட்டம் நின்றது. சிலர் படியேறி உள்ளேயே வந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், சோதனைக்கு ஆள் தேவைதானே. தன்னையும் அதே வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டார்.

முதல் படங்கள் மோசம். அதை மூடி மறைக்காமல் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார். வெளிச்சம் பட்ட இடம் சுண்ணாம்பு, படாத இடம் தார். நடுவே ஒன்றும் இல்லை. கண்களைத்தான் பார்க்க முடியவில்லை. ஒன்று வெளிச்சத்தில் அணைந்துபோய் இருக்கும், இல்லையென்றால் ஆணி அறைந்த மாதிரி இரண்டு புள்ளி. முகம் தெரிகிறது, ஆள் இல்லை.

காரணம் எளிது. ஆர்க் விளக்கின் பொறி ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தின் நிழலுக்கு விளிம்பு கூர்மையாகத்தான் இருக்கும். நடு மதிய வெயிலில் எடுத்த படத்தில் கண்குழி கருப்பது போலத்தான் இதுவும்.

அவர் செய்த திருத்தங்கள் என்ன தெரியுமா? விளக்குக்கும் ஆளுக்கும் நடுவே சொரசொரப்பான பால் கண்ணாடியை வைத்தார். புள்ளியாக இருந்த வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவி, ஒரு பெரிய வெளிச்சப் பலகை ஆனது. இன்று சாஃப்ட்பாக்ஸ் முன்னால் வெள்ளைத் துணி கட்டுவது இதற்குத்தான். நம் சினிமா செட்டில் ஸ்கிம்மர் பிடிப்பதும் இதற்குத்தான். அடுத்து, இருண்ட கன்னத்தின் பக்கம் வெள்ளைத் திரைகளையும் கண்ணாடிகளையும் நிறுத்தி, சிதறிப்போகும் வெளிச்சத்தைத் திருப்பி முகத்துக்கே அனுப்பினார். கோடம்பாக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு பவுன்ஸ் கொடுப்பார்களே, அதே வேலை. நிழல் போகவில்லை. நிழலுக்குள் முகம் தெரிய ஆரம்பித்தது.

ஆக, முக்கிய விளக்கு ஒன்று, அதை மென்மையாக்க ஒரு தடுப்பு, நிழலை நிரப்ப ஒரு பலகை. இன்று யூடியூபில் லைட்டிங் கற்றுத்தரும் எந்த வீடியோவும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்வது இந்த மூன்றைத்தான். 1861-ல் செயற்கை வெளிச்சத்தில் படம் எடுக்கும் தன் முறைக்குக் காப்புரிமையும் எடுத்தார்.

உண்மையைச் சொன்னால், அவருடைய மின்சார முகங்கள் அவருடைய ஜன்னல் முகங்கள் அளவுக்கு அழகில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவருக்கும் தெரியும். மின்சாரத்தில் முகம் எடுப்பதை அவர் தொழிலாக்கவும் இல்லை. ஆசிட் செலவுக்கும் புகைக்கும் கட்டுப்படியாகியிருக்காது.

எலும்புகளுக்கு வெளிச்சம்

ஆனால் கற்ற வித்தையை வேறு இடத்துக்கு எடுத்துப்போனார். பாரிஸ் நகரத்துக்கு அடியில் சுரங்கங்கள் இருக்கின்றன. பழைய கல்லறைகளிலிருந்து தோண்டி எடுத்த லட்சக்கணக்கானவர்களின் எலும்புகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 1860-களின் தொடக்கத்தில் நதார் அங்கே இறங்கினார். பிறகு சாக்கடைச் சுரங்கங்களுக்கும் போனார்.

அங்கே பேட்டரியை உள்ளே கொண்டுபோனால் புகையில் யாரும் நிற்க முடியாது. எனவே ஜாடிகளை மேலே தெருவில் வைத்து, துளைகள் வழியாக ஒயரை இறக்கி, கீழே விளக்கை எரித்தார்கள். ஒரு தகட்டுக்குச் சில சமயம் 18 நிமிடம் வெளிச்சம் காட்டவேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் உயிருள்ள ஆள் அசையாமல் நிற்பாரா? அதனால் எலும்பு அடுக்கும் தொழிலாளிகளுக்குப் பதில், அவர்கள் உடையைப் போட்ட பொம்மைகளை நிறுத்தினார். சாக்கடையில் வேறு சோதனை. பதினேழு நிமிடம் காத்திருந்து பதினெட்டாவது நிமிடம் நீராவி எழும்பினால் தகடு வீண். செத்தவர்களைத் தத்ரூபமாக எடுக்க உயிருள்ளவர்களுக்குப் பொம்மை வைக்கவேண்டி வந்தது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பலூன் கதை தனி. 1858-ல் பலூனிலிருந்து பாரிஸ் அருகே தரையைப் படம் எடுத்தார். வானிலிருந்து எடுத்த முதல் போட்டோ அதுதான் என்பார்கள், அந்தப் படம் இன்று இல்லை. 1863-ல் 'லெ ழேஆன்', அதாவது ராட்சசன், என்ற பிரம்மாண்டமான பலூனைச் செய்து, மனைவி எர்னஸ்டினோடு பறந்து, ஜெர்மனியில் ஹானோவர் அருகே தரையில் இழுபட்டு இருவரும் காயத்தோடு தப்பினார்கள். ஜூல்ஸ் வெர்ன் 1865-ல் எழுதிய நிலாப் பயண நாவலின் நாயகன் மிஷெல் அர்தான் இவர்தான். பிரெஞ்சில் நதார் என்ற எழுத்துகளை மாற்றிப் போட்டால் அர்தான் வரும்.

பெரிய போர்டு, சின்ன வெளிச்சம்

இந்தப் பறத்தலுக்கெல்லாம் பணம் எங்கிருந்து? 1860-ல் கடன் வாங்கி, கபுசின் புல்வாரில் 35-ம் எண் கட்டடத்துக்கு ஸ்டூடியோவை மாற்றினார். இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டடம், முகப்பு முழுக்கச் சிவப்பு, அதில் அவர் கையெழுத்தே பெரிய போர்டாக, இரவில் காஸ் வெளிச்சத்தில் ஜொலிக்கும். பணக்காரர்கள் குவிந்தார்கள். கடனை அடைக்க, ஒரு காலத்தில் ஏளனம் செய்த விசிட்டிங் கார்டு படங்களையும் எடுக்கவேண்டி வந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். பெரிய ஸ்டூடியோவில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் சம்பள ஆட்கள். முதலாளி பலூனில் இருந்தார். அங்கிருந்து வந்த ஏராளமான முகங்களில் வெளிச்சம் சரிசமமாக, யாரையும் சங்கடப்படுத்தாமல் இருக்கிறது. வெளிச்ச உணர்வை யாருக்கும் கற்றுத்தர முடியாது, எனவே என் பெயரை யாரும் பயன்படுத்தக்கூடாது என்று தம்பியை எதிர்த்து வாதாடிய அதே மனிதர், சில வருடங்களிலேயே பெயரை மற்றவர்கள் எடுத்த படங்களில் குத்தவிட்டார். இன்று இணையத்தில் 'நதார்' என்று போட்டால் வரும் எல்லாமே அவர் எடுத்ததல்ல. 1855 முதல் 1860 வரையான படங்களை மட்டும் தனியாகப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

1870-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது, பலூன் மூலம் கடிதங்களை வெளியே அனுப்பும் முயற்சியில் முன்னால் நின்றவர்களில் இவரும் ஒருவர். கையிருப்பு கரைந்தது. கபுசின் கட்டடத்தை விட்டு வெளியேறினார். காலியாக இருந்த அந்த ஸ்டூடியோவில்தான் 1874 ஏப்ரலில் மோனே, ரென்வார், தெகா போன்றவர்கள் தங்கள் முதல் கண்காட்சியை வைத்தார்கள். இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயர் அங்கிருந்து பிறந்தது. வெளிச்சத்தை வரையப் புறப்பட்டவர்களுக்கு, வெளிச்சத்துக்காகவே கட்டிய கூரை கிடைத்தது.

தொழில் மெல்ல மகன் பாலின் கைக்குப் போனது. 1885-ல் விக்டர் ஹியூகோ இறந்ததும் படுக்கையில் அவரைப் படம் எடுத்தது நதார். 1886-ல் நூறு வயதை எட்டிய வேதியியலாளர் ஷெவ்ரோலிடம் இவர் பேச, பேசும்போதே பால் வரிசையாகப் படம் எடுக்க, படமும் பேச்சுமாகப் பத்திரிகையில் வந்தது. உலகின் முதல் போட்டோ பேட்டி என்று அதைச் சொல்வதுண்டு. எங்கள் வேலைக்கு ஒரு வகையில் அவர் தாத்தா.

1887-ல் எர்னஸ்டின் பக்கவாதத்தில் விழுந்தார். கடை நடத்தியது, கணக்குப் பார்த்தது, பலூனில் கூடவே ஏறி அடிபட்டது எல்லாம் அவர்தான். அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் நதார் மனைவியைக் கவனித்துக்கொண்டார். 1900-ல் தன் போட்டோகிராபி வாழ்க்கையை நினைவுக் குறிப்பாக வெளியிட்டார். ஆசிட் ஜாடியும், ஆணிக் கண்களும், பொம்மைத் தொழிலாளியும் நமக்குத் தெரிவது அந்தப் புத்தகத்தால்தான்.

நோயில் இருந்த எர்னஸ்டினின் ஒரு படம் இருக்கிறது, 1890-ஐ ஒட்டி எடுத்தது. நரைத்த தலை, போர்த்திய சால்வை, உதட்டருகே ஒரு சிறு வயலட் பூங்கொத்து. பின்னால் எதுவும் இல்லை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக வந்து முகத்தில் நிற்கிறது. எடுத்தது கணவரா, மகன் பாலா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எர்னஸ்டின் 1909-ல் இறந்தார். அடுத்த வருடம் மார்ச்சில், தொண்ணூறாவது பிறந்த நாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, நதாரும் போனார். பாரிஸின் பெர் லஷேஸ் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.